ஜப்பானில் எந்த ஊரில் குடியேறலாம்? வானிலையை வைத்து ஓர் ஒப்பீடு

ஜப்பானில் வேலையோ படிப்போ கிடைத்து, எந்த ஊரில் குடியேறுவது என்பதை ஓரளவுக்குத் தாங்களே தீர்மானிக்கக்கூடியவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி பெற்றவர்கள், இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்துத் திண்டாடும் மாணவர்கள், கிளை அலுவலகத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்று மேலதிகாரி சொல்லிவிட்ட பொறியாளர்கள் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சம்பளம், வாடகை, பள்ளி, மளிகைக் கடை என எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரிப்பவர்கள், வானிலையை மட்டும் கைபேசியில் ஒரு முறை பார்த்துவிட்டு முடிவுகட்டிவிடுகிறார்கள். ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை சப்போரோவில் மைனஸ் 3 டிகிரி, டோக்கியோவில் 5, தெற்கே ஒகினாவாவில் உள்ள நாஹாவில் 17. அதைப் பார்த்ததும் சப்போரோவைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறார்கள். அது அவசரம்.

ஜப்பானில் குளிர்காலத்தில் மற்ற மாதங்களைவிட இறப்புகள் கூடும். அந்த ஏற்றம் எங்கே அதிகம் என்று மாகாணவாரியாகப் பார்த்தால், சப்போரோ இருக்கும், உறைந்து கிடக்கும் ஹொக்கைடோ பட்டியலின் கடைசியில் இருக்கிறது. டோக்கியோவுக்கு வடக்கே, மிதமான குளிருள்ள தோச்சிகியும் இபராக்கியும் முதல் வரிசையில் இருக்கின்றன. இன்னொரு ஆய்வில் நாடு முழுவதும் குளிர்காலத்தில் வீட்டின் வரவேற்பறை வெப்பத்தை அளந்தார்கள். ஹொக்கைடோ வீடுகளில் சராசரி ஏறக்குறைய 20 டிகிரி. வெயிலுக்குப் பேர் போன தெற்கத்திய ககாவா மாகாணத்தில் 13 டிகிரி. உலக சுகாதார நிறுவனம் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி வேண்டும் என்று பரிந்துரைக்கிறது.

காரணம் எளிது. கடுங்குளிர் வரும் என்று தெரிந்த ஊரில் வீட்டை அதற்கேற்பக் கட்டுகிறார்கள். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, சுவருக்குள் தடிமனான காப்புப் பஞ்சு, வாசலில் காற்றைத் தடுக்க ஒரு சிறு முன்னறை. மிதமான ஊரில் அந்தச் செலவு வீண் என்று விட்டுவிடுகிறார்கள். டோக்கியோவில் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் பழைய மரக் குடியிருப்புகளில் அலுமினியச் சட்டத்தில் ஒற்றைக் கண்ணாடிதான் இருக்கும். சூட்டுக்காக ஓடும் ஏசியை நிறுத்திய அரை மணி நேரத்தில் அறை ஜில்லிட்டுவிடும். அப்படிப்பட்ட வீட்டில் ஜனவரியில் இட்லி மாவு இரண்டு நாள் ஆனாலும் பொங்காது. சப்போரோவில் அதே மாதம், ஹீட்டர் ஓடும் அறையில் இரவு கரைத்து வைத்தால் காலையில் பொங்கி நிற்கும். ஆகவே ஊரை ஒப்பிடும்போது வெளியே எத்தனை டிகிரி என்பதோடு, அந்த ஊரில் வீடுகளை எப்படிக் கட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கப்போவது அதைத்தான்.

சப்போரோ

சுமார் இருபது லட்சம் பேர் வாழும் நகரம். ஆண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 4.8 மீட்டர் பனி கொட்டுகிறது. இவ்வளவு பெரிய நகரம் இவ்வளவு பனியோடு இயங்குவது உலகிலேயே அரிது. அது இயங்கும் விதத்தைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மரியாதை வருகிறது. விடியற்காலையில் நாம் தூங்கும்போதே சாலைகளைச் சுத்தம் செய்யும் வண்டிகள் போய்விடுகின்றன. தெரு முனைகளில் மணல் பொட்டலங்கள் வைத்த பெட்டிகள் இருக்கும். வழுக்கும் இடத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துத் தூவலாம். சப்போரோ நிலையத்திலிருந்து ஒதோரி வரை 2011இல் திறந்த நிலத்தடி நடைபாதை இருப்பதால், வெளியே பனிக்காற்று வீசினாலும் கோட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போகலாம்.

சிரமங்களை மறைக்க மாட்டேன். முதலாவது வழுக்கல். பனி கொட்டும் நாளைவிட, பகலில் உருகி இரவில் மீண்டும் உறையும் டிசம்பர் தொடக்கமும் மார்ச்சும்தான் ஆபத்தானவை. பாதம் முழுவதையும் தரையில் வைத்து, சிறு சிறு அடியாக நடக்கப் பழக வேண்டும். அடிப்பாகம் பிடிமானமுள்ள காலணியை உள்ளூர்க் கடையில்தான் வாங்க வேண்டும். இரண்டாவது, வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகும்போது தண்ணீர்க் குழாய்களில் இருப்பதை வடித்துவிட்டுத்தான் போக வேண்டும். மறந்தால் குழாய் உறைந்து வெடிக்கும், பழுது பார்க்கும் செலவு உங்கள் தலையில் விழும். மூன்றாவது இருட்டு. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. ஜூனில் இதற்கு நேர்மாறாக விடியற்காலை நான்கு மணிக்கு முன்பே வெளிச்சம் வந்துவிடும். கனமான திரைச்சீலை இல்லாவிட்டால் குழந்தைகள் எழுந்துவிடுவார்கள்.

செலவில் மண்ணெண்ணெய்க்குத் தனி இடம் ஒதுக்க வேண்டும். பல வீடுகளுக்கு வெளியே பெரிய தொட்டி இருக்கும், வண்டி வந்து நிரப்பிவிட்டுப் போகும். ஹொக்கைடோவில் பல நிறுவனங்கள் இதற்கென்றே எரிபொருள் படி தருகின்றன. வேலைக்கான பேச்சுவார்த்தையில் அதைக் கேளுங்கள். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

இன்னொரு விஷயம் மின்சாரம். 2018 செப்டம்பர் 6 அன்று நிலநடுக்கத்தால் ஹொக்கைடோ தீவு முழுவதும் ஒரே நேரத்தில் இருளில் மூழ்கியது. அது செப்டம்பர், ஜனவரியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்குள்ளவர்கள் இன்றும் பேசுகிறார்கள். சுவரில் பொருத்திய மண்ணெண்ணெய் ஹீட்டர்களுக்கும் மின்விசிறியை ஓட்ட மின்சாரம் வேண்டும். எனவே மின்சாரமே தேவைப்படாத, தூக்கி வைக்கக்கூடிய பழைய பாணி மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அதை எரிக்கும்போது ஜன்னலை அவ்வப்போது திறந்துவிட வேண்டும். 2022 பிப்ரவரியில் 24 மணி நேரத்தில் 60 சென்டிமீட்டர் பனி கொட்டி, சப்போரோவில் ரயில்கள் நாள்கணக்கில் நின்றன. அப்போது நிலத்தடி ரயில் பாதைக்கு அருகே குடியிருந்தவர்களுக்குப் பிழைப்பு ஓடியது. சப்போரோவில் வீடு பார்த்தால் நிலத்தடி ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் பாருங்கள். வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

கோடையைப் பற்றிச் சொன்னால் பலருக்கும் சப்போரோ மேல் ஆசை வந்துவிடும். ஆகஸ்ட் சராசரி 22 டிகிரி. ஜப்பானின் மற்ற பகுதிகளை ஜூனில் வாட்டும் ட்சுயு மழைக்காலம் இங்கே கிடையாது என்றே வானிலை மையம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை டோக்கியோவாசிகளைத் தும்ம வைக்கும் சுகி மரத்தின் மகரந்தம் இங்கே மிகக் குறைவு. மேயில் பிர்ச் மர மகரந்தம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான். ஆனால் ஹொக்கைடோவில் ஏசியே தேவையில்லை என்ற பழைய பேச்சை நம்பாதீர்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சப்போரோவில் 36.3 டிகிரி பதிவானது. குளிருக்காக இறுக்கமாகக் கட்டிய வீடு வெயில் காலத்தில் உள்ளே புகுந்த வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. ஏசி உள்ள வீட்டையே தேடுங்கள்.

டோக்கியோவும் அதைச் சுற்றியுள்ள சமவெளியும்

தமிழர்களில் பெரும்பாலோர் வந்து சேரும் இடம் இதுதான். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் டோக்கியோவிலும் யோகோஹாமாவிலும்தான் இருக்கின்றன. குழந்தைகளை அதில்தான் சேர்ப்பது என்று முடிவெடுத்துவிட்டால், மற்ற ஊர்களைப் பற்றி வானிலை எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் பயனில்லை. இந்தச் சமவெளிக்குள்ளேயே எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி.

டோக்கியோவின் குளிர்காலத்தைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள், நல்ல விதத்திலும் கெட்ட விதத்திலும். ஜனவரியில் இங்கே சுமார் 190 மணி நேரம் வெயில் அடிக்கிறது. வானம் நாள்தோறும் கண்ணைப் பறிக்கும் நீலம். தெற்கு நோக்கிய வீடு கிடைத்தால் பகல் முழுவதும் ஹீட்டரே வேண்டாம், துணியும் காய்ந்துவிடும். வடக்கு நோக்கிய அறை என்றால் அதே கட்டடத்திலேயே நரகம்: ஜன்னல் வியர்க்கும், சுவர் மூலையில் பூஞ்சை படரும். டோக்கியோவில் தெற்கு நோக்கிய வீட்டுக்கு வாடகை கூடுதலாக இருப்பதில் முழு நியாயம் இருக்கிறது. காற்று உலர்ந்திருப்பதால் தொண்டை கரகரக்கும், சட்டையைக் கழற்றினால் பொறி பறக்கும். ஈரப்பதமூட்டி ஒன்று வாங்கிவிடுங்கள்.

கோடைதான் இங்கே உண்மையான எதிரி. சென்னையில் வளர்ந்தவன் எனக்கு என்ன வெயில் என்று மார்தட்டிக்கொண்டு வந்தவர்கள் ஆகஸ்டில் துவண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். டோக்கியோவில் கோடையில் நடப்பது அதிகம்: வீட்டிலிருந்து நிலையம், நிலையத்திலிருந்து அலுவலகம், நடுவில் படிக்கட்டுகள், கையில் பை. நகரக் கட்டடங்கள் பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் விடுகின்றன. கடற்கரையிலிருந்து உள்ளே போகப் போக நிலைமை மோசமாகிறது. சைத்தாமா மாகாணத்தின் குமகாயாவில் 2018இல் 41.1 டிகிரி பதிவானது. குன்மா மாகாணத்தின் இசேசாகியில் 2025 ஆகஸ்ட் 5 அன்று 41.8 டிகிரியைத் தொட்டு நாட்டின் சாதனையாகிவிட்டது. வாடகை குறைவு என்று வடமேற்குப் பக்கம் போவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள். யோகோஹாமா, ஷோனான், சிபாவின் கடலோரம் ஆகியவற்றில் கடற்காற்று பகல் உச்சத்தைக் கொஞ்சம் வெட்டிவிடுகிறது.

நகரத்தில் வெப்பத்தால் இறப்பவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்குள், ஏசி இல்லாமலோ இருந்தும் போடாமலோ இருந்த முதியவர்கள். ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வந்து வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். “காற்றாடியே போதும், ஏசி உடம்புக்கு ஆகாது” என்று நம் அம்மாக்கள் சொல்வார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். வெப்பத்தாக்கு எச்சரிக்கை 2021 முதல் நாடு முழுவதும் வெளியாகிறது. 2024 முதல் நகராட்சிகள் நூலகம், சமூகக் கூடம் போன்றவற்றைக் குளிர்ச்சிப் புகலிடங்களாக அறிவிக்கின்றன. உங்கள் பகுதியில் அவை எங்கே இருக்கின்றன என்று தெரிந்துவைத்தால் நல்லது.

எதோகாவா வட்டத்தின் நிஷிகசாய் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தியர்கள் அடர்ந்து வாழும் பகுதி. பக்கத்து வீட்டில் நம் மொழி கேட்கும், மளிகைப் பொருட்கள் கிடைக்கும், தனிமை இல்லை. ஆனால் எதோகாவாவின் பெரும்பகுதி கடலின் உயர் ஓத மட்டத்தைவிடத் தாழ்ந்த நிலம். 2019 மே மாதம் வட்ட அலுவலகம் வெளியிட்ட வெள்ள வரைபடத்தின் அட்டையிலேயே, பெருவெள்ளம் வந்தால் இங்கே இருக்கக் கூடாது, வட்டத்தை விட்டு வெளியேறுங்கள் என்று எழுதியிருந்தார்கள். ஓர் அரசு அலுவலகம் தன் மக்களிடம் இவ்வளவு நேர்மையாகப் பேசியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதே ஆண்டு அக்டோபர் 12 அன்று ஹகிபிஸ் புயல் கரையைக் கடந்தபோது அந்த வரிகளின் பொருள் எல்லோருக்கும் புரிந்தது. அங்கே குடியிருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மேல் மாடியில் வீடு எடுங்கள், புயல் அறிவிப்பு வந்ததும் மேற்கே யார் வீட்டுக்குப் போவது என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

ஒசாகாவும் கியோட்டோவும் டோக்கியோவின் குறைகளையே இன்னும் கூட்டித் தருகின்றன. ஒசாகாவின் ஆகஸ்ட் சராசரி 29 டிகிரி, நாஹாவுக்குச் சமம். பகல் உச்சத்தில் நாஹாவையே மிஞ்சிவிடுகிறது. மலைகள் சூழ்ந்த கிண்ணத்துக்குள் இருக்கும் கியோட்டோவில் கோடையில் காற்றே அசையாது, குளிர்காலத்தில் தரையிலிருந்து குளிர் ஏறும். அழகான பழைய மரவீடுகளை வாடகைக்கு எடுக்கும் ஆசை வரும். அவை கோடையை மனத்தில் வைத்துக் கட்டியவை, பிப்ரவரியில் அவற்றில் குழந்தையோடு வாழ்வது கடினம்.

செந்தாய்

பலர் கவனிக்காமல் தாண்டிப் போகும் நகரம் இது. டோக்கியோவிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம். தோஹோகு பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. ஜனவரி சராசரி 2 டிகிரி, ஆகஸ்ட் சராசரி 24. வடகிழக்கில் இருந்தாலும் பசிபிக் பக்கம் என்பதால் பனி அதிகம் கொட்டுவதில்லை. மேற்கே உள்ள மலைத்தொடர் அதை யமகத்தா பக்கமே நிறுத்திவிடுகிறது. குளிர்காலத்தில் வெயிலும் உண்டு. கோடையில் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. அண்மை ஆண்டுகளில் இங்கும் வெயில் கடுமையாகிவிட்டது. ஆனாலும் டோக்கியோவோடு வைத்துப் பார்த்தால் மூச்சு விட முடிகிறது.

என்னைக் கேட்டால், வேலை எந்த ஊரோடும் கட்டிப்போடாத, இந்தியப் பாடத்திட்டம் கட்டாயமில்லாத குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது செந்தாயைத்தான். வீட்டைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கவனம் தேவை: சப்போரோ அளவுக்கு இங்கே எல்லா வீடுகளும் குளிருக்காகக் கட்டியவை அல்ல. இரட்டைக் கண்ணாடி இருக்கிறதா என்று பாருங்கள். 2011 மார்ச்சின் ஆழிப்பேரலை இந்தக் கடலோரத்தைத் தாக்கியதை மறக்காமல், நகரின் மேற்குப் பக்க உயரமான பகுதிகளைத் தேடுங்கள்.

ஜப்பான் கடல் பக்கம்: நீகாட்டா, கனசாவா

சைபீரியாவிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று, வெதுவெதுப்பான ட்சுஷிமா நீரோட்டத்தின் மேல் வரும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அது நாட்டின் முதுகெலும்பான மலைகளில் மோதி அந்தப் பக்கமே எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறது. மலைக்கு இந்தப் பக்கம் டோக்கியோ நீல வானத்தோடு இருக்க, அந்தப் பக்கம் நவம்பர் முதல் மார்ச் வரை சாம்பல் நிறம்தான். டோக்கியோவுக்கு ஜனவரியில் 190 மணி நேர வெயில் என்றேனே, கனசாவாவுக்கு அது சுமார் 60.

பனியின் கனமும் வேறு. சப்போரோவின் பனி தூள் போன்றது, தட்டினால் உதிர்ந்துவிடும். இங்கே ஈரமானது, மரக்கிளையை ஒடிக்கும். கனசாவாவின் கென்ரோகுஎன் தோட்டத்தில் நவம்பர் 1 முதல் பைன் மரக் கிளைகளைக் கயிறுகளால் மேலே தூக்கிக் கட்டுவதைச் சுற்றுலாப் பயணிகள் அழகு என்று படமெடுக்கிறார்கள். அது தேவையால் வந்த வேலை. சாலையில் நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியை உருக்கும் குழாய்கள் நாகஓகாவில் தொடங்கி இந்தப் பக்கமெங்கும் பரவின. அதனால் சாலை எப்போதும் சொதசொதவென்று இருக்கும், ரப்பர் காலணி இல்லாமல் வெளியே போக முடியாது. 2018 பிப்ரவரியில் ஃபுகுயியில் தேசிய நெடுஞ்சாலை 8இல் சுமார் 1,500 வாகனங்கள் பனியில் சிக்கி நின்றன. குளிர்காலத்தில் கார் எடுப்பவர்கள் மண்வாரி, போர்வை, தண்ணீர், அவசரத்துக்குக் கழிப்பறையாகப் பயன்படும் பை ஆகியவற்றை வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும்; புகைபோக்கிக் குழாயைப் பனி மூடிவிட்டால் எஞ்சினை ஓட விடக் கூடாது, நச்சுவாயு உள்ளே வந்து உயிரைக் குடித்துவிடும்.

கனசாவாவில் மதிய உணவுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே என்பார்கள். துணி வெளியே காயாது; வீட்டுக்குள் உலர்த்த இடமும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் வேண்டும். இதையெல்லாம் விட என் கவலை மனநிலை பற்றியது. வெயிலிலேயே வளர்ந்தவர்களில் சிலருக்கு மாதக்கணக்கில் நீளும் இருட்டு மனத்தை அழுத்திவிடுகிறது. முதல் குளிர்காலத்தில் காரணமில்லாமல் அழுகை வந்ததாக என்னிடம் சொன்னவர்கள் உண்டு. தனியாக வரும் மாணவர்களுக்கு, குறிப்பாக வேறு யாரும் தமிழ் பேசாத ஊருக்கு வருபவர்களுக்கு, இந்தப் பக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். குடும்பத்தோடு வருபவர்கள், மீனும் அரிசியும் பிடித்தவர்கள், கூட்டம் பிடிக்காதவர்கள் இங்கே மனநிறைவோடு வாழ்கிறார்கள். 2015 முதல் அதிவேக ரயில் கனசாவாவை டோக்கியோவோடு இணைத்திருப்பதால், மாதம் ஒரு முறை மலையைத் தாண்டி வெயில் காய்ந்துவிட்டு வரலாம். இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை, செய்து பாருங்கள்.

செத்தோ உள்நாட்டுக் கடலோரம்: ஒக்காயாமா, தகாமாட்சு, ஹிரோஷிமா

வடக்கே சுகோகு மலைகள் பனியைத் தடுக்கின்றன, தெற்கே ஷிகோகு மலைகள் புயல் மழையைத் தடுக்கின்றன. நடுவில் இருக்கும் இந்தக் கடலோரத்தில், ஒக்காயாமா, தகாமாட்சு பக்கம் ஆண்டுக்கு 1,100 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. ஒக்காயாமா மாகாணம் தன்னை வெயில் நாடு என்றே விளம்பரப்படுத்திக்கொள்கிறது. குளிரையும் இருட்டையும் வெறுப்பவர்களுக்கு இது நல்ல இடம்.

மழை குறைவு என்பதன் மறுபக்கம் தண்ணீர்ப் பஞ்சம். தகாமாட்சு இருக்கும் ககாவா மாகாணத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளும் குளங்களும் இருக்கின்றன. விமானத்திலிருந்து பார்த்தால் நம் ராமநாதபுரம், சிவகங்கைக் கண்மாய்கள் போலத் தெரியும். அவற்றில் பெரியதான மன்னோ ஏரியை 821இல் கூகாய் என்ற துறவி சீரமைத்தார். இவ்வளவு இருந்தும் 1994 கோடையில் தகாமாட்சுவில் ஒரு நாளில் ஐந்து மணி நேரம் மட்டுமே குழாயில் தண்ணீர் வந்தது. ஷிகோகுவின் மறுபக்கத்து சமேஉரா அணையைத்தான் இந்த நகரம் நம்பியிருக்கிறது. கோடையில் அதன் நீர்மட்டம் செய்தியில் தினமும் வரும். நமக்குப் பழகிய கவலைதான்.

கோடை மாலைகளில் கடற்காற்றும் நிலக்காற்றும் மாறும் இடைவெளியில் காற்று அடியோடு நின்றுவிடும். அந்த இரண்டு மூன்று மணி நேரம் ஏசி இல்லாமல் முடியாது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் 13 டிகிரி என்று முதலில் சொன்னது இந்தப் பகுதியின் கதை. வெளியே வெயில் காய்ந்துகொண்டே வீட்டுக்குள் நடுங்குவார்கள். வீடு எடுத்த கையோடு உள்பக்கமாக இன்னொரு ஜன்னல் பொருத்த உரிமையாளர் அனுமதிப்பாரா என்று கேளுங்கள். பல வீடுகளில் அது ஒரு நாள் வேலை.

வெயில் நாடு என்ற பெயரை நம்பி வெள்ளத்தை மறந்துவிடக் கூடாது. 2018 ஜூலையில் மேற்கு ஜப்பானைத் தாக்கிய பெருமழையில் ஒக்காயாமா மாகாணத்தின் குராஷிகி நகரைச் சேர்ந்த மாபி பகுதி நீரில் மூழ்கி, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஹிரோஷிமாவின் மலைச்சரிவுகள் கருங்கல் மக்கிய மணலால் ஆனவை. கனமழையில் சரிந்து இறங்கும். 2014 ஆகஸ்டில் அப்படி ஒரே இரவில் எழுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அழகான காட்சி தெரிகிறது என்று மலையடிவாரத்தில் வீடு எடுக்காதீர்கள்.

ஃபுகுவோகாவும் கியூஷுவும்

தெற்கு என்பதால் ஃபுகுவோகாவில் குளிர்காலம் வெயிலாக இருக்கும் என்று நினைப்பார்கள். இந்த நகரம் ஜப்பான் கடல் பக்கம் திரும்பியிருக்கிறது. ஜனவரி சராசரி 7 டிகிரியை ஒட்டி இருந்தாலும், வெயில் நேரம் டோக்கியோவைவிட மிகவும் குறைவு. வசந்தத்தில் கண்டத்திலிருந்து மஞ்சள் தூசி வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் முகக்கவசமும் காற்றுச் சுத்திகரிப்பானும் வைத்திருக்க வேண்டும். மற்றபடி வாழ எளிதான ஊர், விமான நிலையம் நகரின் ஹகாதா ரயில் நிலையத்திலிருந்து நிலத்தடி ரயிலில் ஐந்து நிமிடம். 1978இல் 287 நாட்கள் தண்ணீர்க் கட்டுப்பாட்டில் தவித்த நகரம், பாடம் கற்று 2005இல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தைத் தொடங்கியது.

கியூஷுவின் உள்பகுதிகளில் ஜூலை மாதத்தை எச்சரிக்கையோடு கழிக்க வேண்டும். மழைமேகங்கள் வரிசையாக ஒரே இடத்தில் நின்று கொட்டும் நிகழ்வு இங்கே அடிக்கடி நேர்கிறது. 2020 ஜூலையில் குமா ஆறு ஹிதோயோஷி நகரை மூழ்கடித்தது. ககோஷிமாவில் சகுராஜிமா எரிமலையின் சாம்பல் எந்தப் பக்கம் விழும் என்பது வானிலை அறிக்கையிலேயே வரும். சாம்பலை அள்ளிப் போட நகராட்சி தனியாகப் பை தருகிறது.

நாஹா

நம் ஊர்க்காரர்கள் ஒகினாவா என்றதும் கன்னியாகுமரிக் கடற்கரையை நினைத்துக்கொண்டு ஆசைப்படுகிறார்கள். கோடையில் 35 டிகிரியைத் தாண்டுவது அரிது, கடற்காற்று உண்டு, சுகி மகரந்தம் இல்லை. அதுவரை உண்மை. குளிர்காலத்தில் நாஹாவின் ஜனவரி வெயில் நேரம் சப்போரோவின் அளவுதான், சுமார் 90 மணி நேரம். வானம் மூடியே கிடக்கும். பதினைந்து டிகிரியில் வடக்குக் காற்று வீசும்போது ஹீட்டர் இல்லாத கான்கிரீட் வீட்டில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

பெரிய விஷயம் புயல். ஒகினாவாவை நெருங்கும் புயல்கள் திசை திரும்பும் கட்டத்தில் இருப்பதால் மெதுவாக நகரும். டோக்கியோவில் ஓர் இரவில் கடந்துபோவது இங்கே நாள்கணக்கில் நிற்கும். 2023 ஆகஸ்டில் கானூன் புயல் தீவைக் கடந்து மேற்கே போய்விட்டுத் திரும்பியும் வந்தது. மாகாணத்தில் மூன்றில் ஒரு பங்கு வீடுகளில் மின்சாரம் போனது, கடைகளில் ரொட்டி அலமாரிகள் காலியாகின, சரக்குக் கப்பல்கள் வரவில்லை. வீடுகள் கான்கிரீட்டில் இருப்பதும், கூரையில் தண்ணீர்த் தொட்டி இருப்பதும் அனுபவத்தால் வந்தவை. 1981, 82இல் இந்தத் தீவு 326 நாட்கள் தண்ணீர்க் கட்டுப்பாட்டில் இருந்தது. ஈரத்தால் தோல் பைகளும் புத்தகங்களும் பூஞ்சை பிடிக்கும், உப்புக் காற்றால் சைக்கிள் துருப்பிடிக்கும். சம்பளம் நாட்டிலேயே குறைந்த வரிசையில் இருக்கிறது. வெளியூர்ச் சம்பளத்தில் வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு நாஹா ஏற்ற ஊர். அவர்களும் பேட்டரி, மூன்று நாள் உணவு, தண்ணீர் இல்லாமல் ஆகஸ்டைத் தொடங்கக் கூடாது.

ஊரை முடிவு செய்த பிறகு

ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்குவார்கள் என்றால், எந்த ஊராக இருந்தாலும் அக்டோபர், நவம்பரில் வரச் சொல்லுங்கள். பிரசவத்துக்கு அம்மா வருவது தேதி பார்த்து நடப்பதில்லை. அது ஜனவரியில் விழுமானால், வெளியே பனி இருந்தாலும் உள்ளே கதகதப்பான சப்போரோ வீடு, டோக்கியோவின் ஒற்றைக் கண்ணாடி வீட்டைவிட மேல். பழைய வீடுகளில் குளியலறை பனிக்கட்டி போல இருக்கும். அங்கிருந்து கொதிக்கும் நீருக்குள் இறங்கும்போது இரத்த அழுத்தம் தடுமாறி முதியவர்கள் மயங்கி விழுவது ஜப்பானில் ஒவ்வொரு குளிர்காலமும் நடக்கிறது. குளியலறைக்கு முன்னால் சிறு ஹீட்டர் வைத்து, அவர்கள் உள்ளே போவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஓட விடுங்கள்.

2025 ஏப்ரல் முதல் ஜப்பானில் புதிதாகக் கட்டும் எல்லா வீடுகளுக்கும் ஆற்றல் சிக்கனத் தரம் கட்டாயமாகிவிட்டது. டோக்கியோ, ஒசாகா, தகாமாட்சு போன்ற ஊர்களில் இனிவரும் புது வீடுகள் பழையவற்றைவிடக் குளிரைத் தாங்கும். முடிந்தால் புது வீட்டைத் தேடுங்கள். பழையதை எடுத்தால் வாடகையில் மிச்சமாவது மின்கட்டணத்தில் போய்விடலாம். வீட்டைப் பகலில் மட்டும் பார்க்காமல், குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கு மேல் ஒரு முறை போய் ஜன்னல் சட்டத்தைத் தொட்டுப் பாருங்கள், அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாசனை வந்தால் அந்த வீடு வேண்டாம்.

2020 ஆகஸ்ட் முதல் வீட்டு முகவர்கள், ஒப்பந்தத்துக்கு முன் அந்த வீடு வெள்ள அபாய வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டி விளக்குவது சட்டப்படி கட்டாயம். பலர் அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுவார்கள், நாமும் தலையாட்டிவிடுவோம். எந்த நிறத்தில் நம் கட்டடம் இருக்கிறது, எத்தனை மீட்டர் தண்ணீர் வரலாம், புகலிடம் எந்தப் பள்ளி என்பதை ஒப்பந்தத்தில் முத்திரை குத்துவதற்கு முன் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஜப்பானிய மொழி போதவில்லை என்றால், அன்றைக்கு மட்டும் மொழி தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள்.